மடுவுக்கு எட்டு மரம்

எட்டு மரங்களை நிற்க விடலாம் என்று முடிவானதும், அது எந்த எட்டு என்று குறித்தவர் ஜெயகரன். தப்பு அங்கேதான் நடந்தது.

அதைத் தப்பு என்று அன்று யாரும் சொல்லவில்லை. ஒரே ஒருத்தி கேள்வி கேட்டாள். அவள் கேள்விக்கு ஜெயகரன் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொன்னார். அந்தப் பதில்தான் பிறகு பல நாள் அவரைத் தூங்க விடவில்லை.

ஜெயகரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கப் பகுதியில், கோரமண்டலில் லைன் வீடு. சிவகுமார் என்ற மரக் காண்டிராக்டரிடம் மேஸ்திரி. அவரையும் சேர்த்து ஆறு பேர். மெஷின் வாள் பிடிக்கிற சம்பங்கியும் அவரும் ஒரு காலத்தில் நந்திதுர்க் சுரங்கத்தில் ஒரே டிம்பர் கேங். தலைக்கு மேல் பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர்கள் வேலை. சுரங்கம் மூடிய பிறகு, கீழே மரம் நிறுத்தியவர்கள் மேலே மரம் சாய்க்க வந்துவிட்டார்கள். மற்ற நாலு பேரும் சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஷாஃப்ட், லெவல் என்று பேசிக் கேட்டே வளர்ந்தவர்கள்.

அந்த வருஷம் மார்ச்சில் சிவகுமார் எடுத்தது செம்பள்ளம் ஓடைக் கரையின் தைலமரத் தோப்பு. கோரமண்டலிலிருந்து பைக்கில் அரை மணி நேரம். ஓடைக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் வரிசை வரிசையாக மரங்கள். பெங்களூரில் கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சென்ட்ரிங் கம்பாகப் போக வேண்டியவை. மழை பிடித்துவிட்டால் களிமண்ணில் லாரி இறங்காது. அதற்குள் இரண்டு கரையையும் முடித்தாக வேண்டும்.

முதல் நாள் சம்பங்கி மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தபோது மமதா வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஓடை போய்ச் சேருகிற ஏரியில் மீன்பிடி உரிமை அவளுக்கும் அவள் புருஷன் மனோகருக்கும் இருந்தது. மனோகர் காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிற ஆள். ஏரியைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

அவள் சண்டைக்கு வரவில்லை. கையிலிருந்த பொரியை ஓடை வளைவிலிருந்த மடுவில் வீசினாள். தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் மேலே வந்தன. கெண்டைகள். அவற்றுக்குக் கீழே, அவசரமில்லாமல் முகம் காட்டிவிட்டுத் திரும்பிப் போன விரால்கள்.

ஏரி வறண்டுவிட்டது என்றாள். தண்ணீர் குறையக் குறைய மீன்களெல்லாம் ஓடையில் ஏறி இந்த மடுவில் வந்து ஒதுங்கியிருக்கின்றன. மழை வந்து ஓடை ஓடினால் இறங்கிப்போய் ஏரியை நிரப்பும். இவைதான் விதை. இந்த மடு போனால் அவளுக்கு ஏரியும் போனது போலத்தான். கரை மரங்களை வெட்டினால் வெயில் நேராக விழும். இரண்டு ஆள் ஆழத் தண்ணீர் இரண்டே மாதத்தில் சூடேறி வற்றிவிடும். மடுவைச் சுற்றி முப்பது அடிக்கு மட்டும் கை வைக்காதீர்கள் என்று கேட்டாள்.

சம்பங்கிக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாம்மா, தைலமரம் தண்ணிய உறிஞ்சுதுன்னு ஊரே திட்டுது. நீ வெட்டாதன்ற."

"உறிஞ்சுதுதாண்ணா. இல்லன்னு சொல்லல. கிழிஞ்ச கொடைன்னு வெயில்ல மடக்கி வெச்சிடுவீங்களா?"

சம்பங்கி மெஷினைக் கீழே வைத்துவிட்டுப் பீடியைத் தேடினார். ஜெயகரன் சிவகுமாருக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் பேரம் நடந்தது. முப்பது அடி என்றால் இரு கரையிலும் சேர்த்து நூறு மரத்துக்கு மேல் போய்விடும், நடக்காது. இந்தக் கரையில் எட்டு மரம் நிற்கட்டும், அந்தக் கரையைப் பிறகு பார்க்கலாம், அதற்கு மேல் ஒன்றும் கேட்காதே என்று சிவகுமார் முடித்துவிட்டார்.

மமதா எட்டு என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயகரனுக்கு மனசு கேட்கவில்லை. "கவலப்படாத மா. உன் மடுவுக்கு ஒண்ணும் ஆவாது. நான் சொல்றேன்" என்றார். கோரமண்டலில் ஜெயகரன் ஒன்றைச் சொன்னால் அது நடந்த மாதிரிதான். அவருக்கும் அந்தப் பெயர் பிடிக்கும்.

பிறகு மரங்களைக் குறிக்க ஆரம்பித்தார். சுரங்கத்தில் தாது வெட்டி எடுக்கும்போது எல்லாவற்றையும் வெட்டிவிட மாட்டார்கள். இவ்வளவு அடிக்கு ஒன்று என்று பாறையைத் தூணாக விட்டு வைப்பார்கள். அதுதான் பில்லர். பில்லரை எங்கே விடுவது என்று தெரிந்தவன் கூரையைக் காப்பாற்றுவான். ஜெயகரன் கரையோரம் காலடி வைத்து அளந்தார். பன்னிரண்டு தப்படிக்கு ஒன்று. இருப்பதிலேயே பருத்த மரங்கள். எட்டிலும் சிவப்புத் துணியைக் கட்டினார். சம்பங்கி பார்த்துவிட்டு, கணக்கு சரிதான் என்று தலையாட்டினார். பையன்களும் அதே. அங்கிருந்த ஆறு பேருக்கும் அது இயல்பாகத் தோன்றியது. கே.ஜி.எஃப்.காரர்களுக்குத் தாங்குவது என்றால் பில்லர்தான்.

மமதா மட்டும் கேட்டாள்: "ஒண்ணொண்ணா தனியா நின்னா தாங்குமாண்ணா?"

ஜெயகரன் சிரித்தார். "நாலாயிரம் அடி பாறையையே தாங்கிச்சு மா."

நாலாயிரம் அடி பாறைக்கு முன்னால் யார் என்ன சொல்வது?

*

ஏப்ரல் முடிவதற்குள் இந்தக் கரை சுத்தமானது. வெட்டவெளியில் எட்டு மரங்களும் விறைத்து நின்றன. மடுவின் மேல் எட்டுக் கோடாக நிழல் விழுந்தது. போதுமான நிழல் இல்லைதான். ஆனாலும் மமதா தினமும் ஒரு குச்சியை நட்டுத் தண்ணீரைப் பார்த்தாள், பெரிதாக இறங்கவில்லை. ஜெயகரன் மரங்களோடு மடுவைப் போட்டோ எடுத்து மனைவி இசபெல்லாவுக்குக் காட்டினார். அவளும் தினமும் ரயிலில் போய் வருகிறவள்தான், பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். மரத்துக்கு மரம் ரொம்ப தூரமா இருக்கே என்றாள். தூரம் இருந்தாதான் பில்லர் என்றார் அவர்.

மே பதினாலாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குக் காற்று வந்தது.

கோடை மழைக்கு முன்னால் எப்போதும் வருகிற காற்றுதான். கோரமண்டலில் இரண்டு தகரக் கூரைகளைத் தூக்கிப் போட்டது. அப்புறம் முக்கால் மணி நேரம் மழை. வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயகரனுக்குச் சட்டென்று நாலாயிரம் அடி ஆழத்தில் அவர் விட்டு வைத்த, பார்த்த, தட்டிச் சோதித்த பில்லர்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. மேலிருந்து எவ்வளவு பாரம் அழுத்தினாலும் நின்றவை.

கீழே காற்று கிடையாது.

மழை விடுவதற்கு முன்பே பைக்கை எடுத்தார்.

எட்டில் ஐந்து சாய்ந்திருந்தன. ஒன்றோடொன்று சாய்ந்து, ஒன்றுக்கொன்று மறைப்பாகத் தோப்பில் வளர்ந்த மரங்கள் அவை. தனியாக நிற்கிற பழக்கம் அவற்றுக்கு இல்லை. ஈர மண்ணோடு வேரும் பெயர்ந்து, வேரோடு கரையும் பெயர்ந்திருந்தது. ஐந்து இடத்தில் கரை பிளந்து மண் முழுவதும் மடுவுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு ஆள் ஆழம் இருந்த இடத்தில் இடுப்பளவுக்குச் சேறு கலந்த தண்ணீர். டீ மாதிரி நிறம். கெண்டைகள் பக்கவாட்டில் மிதந்தன. உயிரோடு இருந்தவை வாயை மேலே நீட்டிக் காற்றைக் குடித்தன.

மமதா ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, மூங்கில் கூடையால் மீன்களை அள்ளி நீல டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தாள். டிரம்மில் இருந்தது வீட்டுக்கு வருகிற குடிதண்ணீர்.

ஜெயகரன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். அவள் திரும்பவில்லை.

"மமதா."

"கூடைய புடிங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். இருட்டும்வரை இரண்டு பேரும் அள்ளினார்கள். அள்ளியதில் பாதி டிரம்மிலேயே செத்தது.

வீட்டுக்குத் திரும்பிய ஜெயகரன் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். இசபெல்லா சோற்றுத் தட்டை வைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, நாளைக்கு சிவகுமார் என்ன செய்வார் என்று மட்டும் கேட்டாள். ஜெயகரனுக்கு அது தெரியும். விழுந்தது ஐந்தும் நல்ல மரம். டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி கட்டி இழுப்பார். இழுத்தால் மிச்சக் கரையும் மடுவுக்குள் வந்துவிடும். தடுத்தால் வேலை போகும்.

இசபெல்லா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "உன் வேல போனா என் ட்ரெய்ன் நின்னுடாது. அந்தப் பொண்ணுகிட்ட வாக்கு குடுத்தது நீ. சாப்டு."

*

மறுநாள் விடியும்போது ஜெயகரன் ஓடைக்கரையில் இருந்தார். ஏழு மணிக்கு சம்பங்கியும் பையன்களும் வந்தார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னார். விழுந்த மரங்களை அசைக்கக் கூடாது. கிளையையும் தழையையும் மட்டும் கையாலேயே வெட்டி வெளியே எடுக்க வேண்டும். தழை ஊறினால் தண்ணீர் கறுத்துப்போகும். அடிமரம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும், அதுவாவது மண்ணைத் தடுக்கும். பிளந்த கரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

"மரத்துக்கு எங்க போறது?" என்றார் சம்பங்கி.

ஜெயகரன் லாரிக்காக அடுக்கி வைத்திருந்த கம்புகளைப் பார்த்தார். சம்பங்கியும் பார்த்தார்.

"ஜெயா, அது ஓனர் கம்பு."

"தெரியும்."

"சொல்ட்டேன், அவ்ளோதான்" என்று சம்பங்கி முதல் கம்பைத் தோளில் ஏற்றினார்.

கரை அடியில் கம்புகளைக் கூர் சீவி இரண்டு வரிசையாக அடித்தார்கள். அவற்றுக்குப் பின்னால் கம்புகளைப் படுக்கப் போட்டு, இடையில் கல்லையும் புல்லோடு பெயர்த்த மண்ணையும் திணித்தார்கள். தலைக்கு மேல் செய்த வேலையைக் காலுக்குக் கீழே செய்வது அவர்களுக்குச் சிரமமாக இல்லை. மமதா கல் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். யாரோடும் பேசவில்லை.

பதினோரு மணிக்கு டிராக்டர் வந்தது. பின்னாலேயே காரில் சிவகுமார்.

சிவகுமார் கெட்ட ஆள் இல்லை. பெங்களூர்க் கட்டடக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தவர், நிலத்துக்காரருக்கும் வாக்குக் கொடுத்தவர். பாதிக் கம்பு மண்ணுக்குள் நிற்பதைப் பார்த்துவிட்டு, கார்க் கதவை மூடக்கூட மறந்து நடந்து வந்தார்.

"இன்னா ஜெயகரன் இது? லாரியில ஏற வேண்டியது சேத்துல கீது."

"நான்தான் அடிக்கச் சொன்னேன் சார்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. அன்னைக்கு மரம் குறிக்கும்போது அந்தப் பொண்ணு ஒரு வார்த்த கேட்டுச்சு. நான் காதுல போட்டுக்கல. எட்டு குடுத்தது நீங்க. ஒண்ணா நிக்க வுட்டிருந்தா நின்னிருக்கும். பிரிச்சது நானு."

"மீனப் பாத்து மரத்த வுட்டா, பெங்களூர்ல போயி மீனையா எறக்குவேன்?"

பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டு உடனே இருமினான். சிவகுமார் மடுவைப் பார்த்தார். தண்ணீரின் மேல் ஒரு விரால் வாயைத் திறந்து மூடிவிட்டு உள்ளே போனது. அவர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜெயகரன் குரலை உயர்த்தவில்லை. அந்தக் கரை இன்னும் வெட்டப்படவில்லை. அங்கே மடுவை ஒட்டி முப்பது அடிக்கு ஒரு மரத்தையும் தொடாமல், சின்னதும் பெரியதுமாக ஒரே பட்டையாக விட்டுவிட வேண்டும் என்றார். அதற்கு ஈடாக, மேட்டுப் பாறைக்கு அந்தப் பக்கம் நூறு மரத்துக்கு மேல் நிற்கிறது. லாரி ஏறாது என்று சிவகுமாரே கைவிட்ட மரங்கள். அவற்றைச் சாய்த்துத் தோளில் சுமந்தே இறக்கித் தருகிறோம், தனிக் கூலி வேண்டாம், ஜூன் பத்துக்குள் முடித்துவிடுகிறோம் என்றார். கூலி வேண்டாம் என்றது மற்றவர்களுக்கே புதுச் செய்தி. சம்பங்கி தன் தோளைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

சிவகுமார் மேட்டைப் பார்த்தார், கணக்குப் போட்டார், டிராக்டர்காரரைத் திருப்பி அனுப்பினார்.

"இந்த லாட் நீ முடி. அடுத்ததுக்கு மேஸ்திரி வேற ஆளு."

"சரிங்க சார்."

கார் போன பிறகும் யாரும் உடனே வேலையைத் தொடங்கவில்லை. அப்போதுதான் மமதா பேசினாள். நேற்றிலிருந்து அவளாக அவரிடம் சொன்ன முதல் விஷயம் அது.

"அண்ணா, இன்னும் மூணு நிக்குது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்புத் துணி கட்டிய மூன்று மரங்கள். காற்றே இல்லாத அந்த நேரத்திலும் அவற்றில் ஒன்று லேசாக ஓடைப் பக்கம் சாய்ந்துதான் நின்றது.

"அடுத்த காத்துக்கு அதுவும் வரும்" என்றாள். "வேரோட வரும். வெட்டிடுங்க."

ஜெயகரன் அசையவில்லை. மடுவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன வார்த்தையில் மிஞ்சி நின்றது அந்த மூன்றுதான். அதையும் அவர் கையாலேயே வெட்டச் சொல்கிறாள், அதுவும் நிழல் வேண்டும் என்று அழாத குறையாகக் கேட்டவள்.

"நிழலு?" என்றார்.

"அதான் அந்தக் கரையில நிக்கப்போவுதே. மதியத்துக்கு அப்பறம் அது நிழல் இங்கதான் வுழும். காலைல வெயில் அடிக்கும். அடிக்கட்டும். நான் கீத்து போட்டு மூடிக்கறேன். கர போனா எதப் போட்டு மூடறது?"

சம்பங்கி மெஷினை எடுத்தார். ஜெயகரன் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

மூன்றையும் அவரே வெட்டினார். அடியில் வெட்டாமல் நெஞ்சு உயரத்தில். வேர் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும், தைலமரம் ஆனதால் கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். ஒவ்வொன்றையும் ஓடைக்கு எதிர்ப் பக்கம், காய்ந்த தரையில் சாய்த்தார். மூன்றாவது விழுந்ததும் மெஷினை அணைத்துவிட்டு, கட்டையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மடுவின் மேல் வெயில் முழுதாக விழுந்தது.

*

சொன்னபடி ஜூன் ஒன்பதாம் தேதி மேட்டு மரங்கள் இறங்கின. ஆறு பேருக்கும் தோள் காய்த்துப்போனது. அதன் பிறகு ஜெயகரனை சிவகுமார் கூப்பிடவில்லை. அவர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மரக்கடையில் கம்பு அளந்து கொடுக்கிற வேலைக்குப் போனார். ஓடைப் பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வது?

மழை ஆகஸ்டில் பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து ஓடை ஓடியது என்று கேள்விப்பட்டார். கம்புகள் நின்றனவா என்று யாரிடமும் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வெளியே வரும்போது போன் அடித்தது.

"இன்னாண்ணா, வழி மறந்துட்டீங்களா?" என்றாள் மமதா. "வாங்க. வந்து பாத்துட்டுப் போங்க."

இசபெல்லாவையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். கரையில் அடித்த கம்புகள் இரண்டைத் தவிர எல்லாம் நின்றன. நெஞ்சு உயரக் கட்டைகள் மூன்றும் சுற்றிலும் தளிர் விட்டு ஒரு ஆள் உயரத்துக்குப் புதராகியிருந்தன. அந்தக் கரையில் மரப்பட்டை அப்படியே இருந்தது. மடு பழைய ஆழத்தில் பாதி இருக்கும். கெண்டையைக் காணவில்லை.

மமதா அதை மறைக்கவில்லை. கெண்டை போய்விட்டது, வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விட வேண்டும், ஏரி பழையபடி ஆக இரண்டு வருஷமாவது ஆகும் என்றாள். மனோகர் இனி ஏரி வேண்டாம் என்கிறானாம். அவள் விடுவதாக இல்லை.

பிறகு விழுந்து கிடந்த அடிமரங்களில் ஒன்றைக் காட்டினாள். இழுக்காமல் விட்ட மரம். பாதி தண்ணீருக்குள் கிடந்தது. அதன் நிழலில், ஒரு கை குங்குமத்தைக் கரைத்தது போலச் சிவப்பாக ஏதோ அசைந்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், ஒரே பந்தாக. அடியில் தாயும் தகப்பனும் இருபுறமும் நின்று காவல் காத்தன.

இசபெல்லா மூச்சை இழுத்துக்கொண்டாள். ஜெயகரன் குனிந்து பார்க்க ஓர் அடி முன்னால் வைத்தார்.

"அங்கியே நில்லுங்க" என்றாள் மமதா மெதுவாக. "கர இன்னும் இறுகல."

அவர் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை ஒரு பதிலும் சொல்லவில்லை.